வசாய்க் கோட்டைக்கு ஒரு நாள் பிரயாணம்

இந்த மாநகரத்தில் நம்மைப் பார்க்கிற எவரும் இரண்டாவது வாக்கியத்திலேயே கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. "உங்களுக்கு நேட்டிவ் எது?" தாராவியின் சந்துகளிலும், மாட்டுங்காவின் காய்கறிக் கடைகளிலும், செம்பூரின் பள்ளி வாசல்களிலும் இக்கேள்விக்கு நீங்களும் எத்தனையோ முறை பதில் சொல்லியிருப்பீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன். சாத்தான்குளத்திற்கு அருகே ஒரு சிற்றூரின் பெயரை நான் சொல்லுவேன். பன்னிரண்டு வயதான என் மகனோ சற்றும் தயங்காமல், "நெருள்" என்பான்.

சென்ற ஜனவரி மாதத்தில் இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் பாரமான ஒன்றாயிற்று. ஊரிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டை வாங்க ஒருவர் முன்வந்திருந்தார். பூட்டியே கிடக்கும் வீடு; மழைக்கு மழை ஓடுகள் சரிகின்றன. சென்னையிலுள்ள என் தம்பி விற்றுவிடலாம் என்றான். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. ஆனால் எழுபத்து நான்கு வயதான என் தாயார், "ஆம்" என்றும் சொல்லவில்லை, "இல்லை" என்றும் சொல்லவில்லை. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் என் தகப்பனார் அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார். அவர்களுடைய மௌனத்தின் காரணம் அதுதான் என்று எங்களுக்குத் தெரியும். ஆகிலும் அதைப் பற்றிப் பேச ஒருவருக்கும் துணிவில்லை.

அந்த நாட்களில்தான் எங்கள் கட்டிடத்தில் வசிக்கும் மூன்று குடும்பத்தார் சேர்ந்து, ஒரு சனிக்கிழமை வசாய்க் கோட்டையைப் பார்த்து வரலாம் என்று திட்டமிட்டோம். பிள்ளைகளுக்குச் சரித்திரப் பாடத்தில் உதவும் என்பதைத் தவிர வேறு நோக்கம் எங்களுக்கு இல்லை. தாயாரையும் வற்புறுத்தி அழைத்துக்கொண்டோம்.

வழிப் பயணம்

நெருளிலிருந்து வசாய் அத்தனை தொலைவன்று. ஆனால் வண்டி மாறிச் செல்ல வேண்டும். அதிகாலையில் ஹார்பர் ரயிலில் ஏறி, வாஷிப் பாலத்தைக் கடந்து குர்லாவில் இறங்கினோம். அங்கிருந்து தாதர், தாதரிலிருந்து மேற்கு ரயில்வேயின் விரார் வண்டி. பதினான்கு பேரும், புளிச்சோறும் அவித்த முட்டையும் அடங்கிய தூக்குகளும் தாதர் நடைமேம்பாலத்தில் சிதறாமல் வந்து சேர்ந்ததே பெரிய காரியம். சனிக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே போகிற வண்டியாதலால் உட்கார இடம் கிடைத்தது.

பாயந்தர் நிலையத்தைக் கடந்ததும் இருபுறமும் நீர் விரிகிறது. உல்லாஸ் நதி கடலை நோக்கிச் செல்லும் கழிமுகம் அது. நடுவே பாஞ்சு என்னும் தீவு. அதன் இருபுறமும் நீண்ட பாலங்கள். அந்தக் கழிமுகத்தின் வடகரையில், கடல் வாயைக் காவல் செய்வது போல் அமைந்திருப்பதே வசாய்க் கோட்டை. வசாய் ரோடு நிலையத்தில் இறங்கி, மேற்குப் பக்கத்தில் ஆட்டோ பிடித்தோம். அடுக்குமாடிகள் மெல்ல மெல்லக் குறைந்து, வாழைத் தோட்டங்களும், ஓட்டு வீடுகளும், முற்றத்தில் சிலுவை நட்ட வாசல்களும் வரத் தொடங்கின. பிறகு, என் தாயார் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"பனை!" என்றார்கள்.

ஆம் வாசகரே, பனைமரங்கள்தாம். கோட்டையைச் சுற்றிலும், இடிந்த சுவர்களுக்கு இடையிலும், நம் தேரிக்காட்டில் நிற்பதைப் போலவே அவை நிற்கின்றன. இவ்வூரார் நுங்கைத் 'தாட்கோளா' என்று சொல்லி வெயில் காலத்தில் விற்கிறார்கள். நெருளுக்கு வந்த நாள் முதல் தாயாரின் முகத்தில் காணாத ஒரு வெளிச்சத்தை அன்று கண்டேன்.

மும்பைக்கு மூத்த நகரம்

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர், வசாயைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். என் அலுவலக நண்பரின் உறவினர். இந்தியும் மராத்தியும் கலந்து, பிள்ளைகளுக்கு விளங்கும்படி நிதானமாகப் பேசினார். தரை வாசலுக்கு முன் எங்களை நிறுத்தி, அவர் கேட்ட முதல் கேள்வி இது: "மும்பை பெரியதா, வசாய் பெரியதா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

1534-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், குஜராத் சுல்தான் பகதூர் ஷா, முகலாயப் பேரரசர் ஹுமாயூனின் படைக்கு அஞ்சிப் போர்த்துகீசியரின் துணையை நாடினார். அதற்கு விலையாக வசாயையும், அதைச் சார்ந்த தீவுகளையும் அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். இன்று மும்பை என்று நாம் அழைக்கும் ஏழு தீவுகளும் அந்தச் "சார்ந்த தீவுகளில்" அடக்கம். அதாவது, நாம் வேலை தேடி வந்த இந்த மாநகரம் ஒரு காலத்தில் வசாயின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்த சதுப்பு நிலமும் மீனவர் குடியிருப்புகளுமே. போர்த்துகீசிய இளவரசி கேத்தரீனை இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மணந்தபோது, 1661-ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி மும்பை சீதனமாகப் போயிற்று. 1668-இல் அந்த அரசன் அதை ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுவிட்டான். வசாயோ சீதனமாகக் கொடுக்கப்படவில்லை. அது போர்த்துகீசியரின் வடக்கு மாகாணத்திற்குத் தலைநகராயிற்றே. அதைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

கோட்டை என்றவுடன் மலையுச்சியில் சில கொத்தளங்களை நீங்கள் எண்ணிக்கொண்டால் அது தவறு. செஞ்சியைப் போன்றதல்ல இது. மதிலுக்கு உள்ளே ஒரு முழு ஊரே இருந்தது. தெருக்கள், சந்தை, மருத்துவமனை, நீதிமன்றம், துறவியர் மடங்கள், ஆலயங்கள், செல்வந்தரின் மாடி வீடுகள் யாவும் ஏறத்தாழ நூற்றுப் பத்து ஏக்கர் நிலத்திற்குள் அடங்கியிருந்தன. கப்பல் கட்டும் தொழிலும், மரமும் கல்லும் விற்கும் வியாபாரமும் இவ்வூரைச் செழிக்கச் செய்தன. கோவாவின் புகழ்பெற்ற பொம் ஜேசு ஆலயத்தின் முகப்புத் தூண்களுக்கு வசாயின் கருங்கல்லே கொண்டு செல்லப்பட்டது.

ஜப்பான் தேசத்திலும் கோட்டை நகரங்கள் உண்டு என்று எங்கள் வழிகாட்டி ஒப்பிட்டுச் சொன்னார். அங்கே பிரபுவின் கோட்டை நடுவில் இருக்கும். அதைச் சுற்றிப் போர்வீரர் குடியிருப்பும், அதற்கு அப்பால் வணிகரும் கைவினைஞரும் வாழும் தெருக்களும் அமையும். ஊர் கோட்டைக்கு வெளியே வளரும். வசாயில் ஆளுகிறவர்களின் ஊர் மதிலுக்கு உள்ளே இருந்தது. மண்ணின் மக்கள் பெரும்பாலும் வெளியே தோட்டங்களில் இருந்தார்கள். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் அவர் பிற்பகலில் மறுபடியும் எடுத்துப் பேசினார்.

ஜப்பானில் மரித்த வசாய்க்காரர்

ஜப்பானை அவர் சும்மா குறிப்பிடவில்லை. இயேசு சபையாரின் பழைய ஆலயத்தின் முன் எங்களை அமரச் செய்து, கொன்சாலோ கார்சியா என்பவரின் வரலாற்றைச் சொன்னார். 1556-ஆம் ஆண்டளவில் இதே வசாயில் பிறந்தவர் அவர். தந்தை போர்த்துகீசியர்; தாய் இந்தக் கொங்கண மண்ணைச் சேர்ந்தவர். இளவயதில் குருமாருடன் ஜப்பானுக்குச் சென்றார். அந்நாட்டு மொழியை நன்கு கற்றார். சிறிது காலம் வியாபாரமும் செய்தார். பிறகு பிலிப்பைன்ஸின் மணிலாவில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து, 1593-இல் மொழிபெயர்ப்பாளராக மறுபடியும் ஜப்பானுக்குப் போனார்.

அப்பொழுது அங்கே அதிகாரம் செலுத்தியவர், 1583-இல் ஒசாகா கோட்டையைக் கட்டத் தொடங்கிய டொயோடோமி ஹிதேயோஷி. முதலில் தயவாயிருந்த அவர், பின்னர் சந்தேகங்கொண்டு அவர்களைப் பிடிக்கக் கட்டளையிட்டார். இருபத்தாறு பேரைக் குளிர்காலத்தில் கியோட்டோவிலிருந்து நாகசாகி வரை ஏறத்தாழ ஒரு மாதம் நடத்திக்கொண்டு போய், 1597-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் தேதி சிலுவைகளில் அறைந்து கொன்றார்கள். அவர்களுள் இருபது பேர் ஜப்பானியர். நம் இந்திய மண்ணில் பிறந்தவர் கொன்சாலோ ஒருவரே. 1862-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. நாகசாகியின் நிஷிசாகா குன்றில் அவர்கள் நினைவாக எழுப்பப்பட்ட சின்னத்தை இன்றும் காணலாம்.

புனிதர் வணக்கத்தைப் பற்றி நமக்கு வேறு நம்பிக்கை உண்டு. ஆயினும், அந்நிய பாஷையை ஒருவர் மனமுவந்து கற்று, அந்த ஜனங்களோடே வாழ்ந்து, அவர்களோடே மரித்தார் என்பதைக் கேட்டபோது எங்களில் யாரும் பேசவில்லை. "அவர் ஜப்பான் மொழியை எத்தனை நாளில் கற்றார்?" என்று என் மகன் கேட்டான். "பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை, பிள்ளைகளோடு விளையாடிக் கற்றார் என்று எங்கள் ஊரில் சொல்லுவார்கள்" என்றார் ஆசிரியர்.

தரையில் பதித்த பெயர்கள்

பின்னர் பிரான்சிஸ்கன் துறவியரின் ஆலயத்திற்குச் சென்றோம். கூரை இல்லை. வளைவுகள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. பக்கத்துச் சிற்றாலயத்தில் காலெடுத்து வைத்த என் தாயார் உடனே காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். தரை முழுவதும் கல்லறைப் பலகைகள். ஒவ்வொன்றிலும் எழுத்துகள் வெட்டப்பட்டிருந்தன. சிலவற்றில் குடும்பச் சின்னங்களும் இருந்தன. பல பலகைகள் வெடித்திருந்தன. சிலவற்றின் மேல் ஆட்டுப் புழுக்கை கிடந்தது.

"இவை யாருடைய பெயர்கள்?" என்று தாயார் கேட்கச் சொன்னார்கள். நான் இந்தியில் கேட்டேன்.

ஆசிரியர் குனிந்து, ஒரு பலகையைக் கையால் துடைத்தார். "எழுத்தைக் கூட்ட முடியும், ஆயி. பொருள் எனக்குத் தெரியாது. இது போர்த்துகீசிய மொழி. எங்களில் அதை வாசிக்கிறவர்கள் இப்போது அரிது" என்றார். மராத்தியர் தாயைக் கூப்பிடும் வார்த்தையால் அவர் என் தாயாரை அழைத்தது அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவர் சொன்ன பதில் அவர்களைத் தைத்தது.

சுவரோரமாக உட்கார்ந்துகொண்டு, பேரனை அருகே அழைத்தார்கள்.

"ஐயா, உன் தாத்தா கல்லறையிலே ஒரு கல் இருக்கு. அதில் என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது பாட்டி."

"நேரிலே போனால் வாசிப்பாயா?"

அவன் என்னைப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. ஆங்கிலம், இந்தி, மராத்தி மூன்றும் பள்ளியில் உண்டு. தமிழை வீட்டில் சொல்லிக் கொடுப்பதாக நான் அவனுக்கு ஐந்து வயதாயிருக்கும்போது சொன்னேன். வாசகரே, உங்கள் வீட்டில் எப்படியோ அறியேன். என் வீட்டில் அந்த ஐந்து வயது பன்னிரண்டாகிவிட்டது.

எட்டு நாட்கள்

மதிய உணவுக்குப் பின், புனித யோசேப்பு ஆலயத்தைப் பார்த்தோம். 1546-இல் எழுப்பப்பட்டு 1601-இல் புதுப்பிக்கப்பட்ட அந்த ஆலயத்தின் கோபுரம் இன்னும் உயர்ந்து நிற்கிறது. அதன் நிழலில் நின்று, இவ்வூரின் முடிவை ஆசிரியர் சொன்னார்.

போர்த்துகீசியர் நூலும் சிலுவையும் மட்டும் கொண்டுவந்தவர்கள் அல்லர். ஆட்சியின் பலத்தால் கோயில்களை இடித்தவர்களும் அவர்களே. அந்தக் கசப்பு ஜனங்களின் மனதில் தங்கியிருந்தது. 1737-இல் பேஷ்வா முதலாம் பாஜிராவின் தம்பி சிமாஜி அப்பாவின் தலைமையில் மராட்டியர் படையெடுத்துத் தானேயைப் பிடித்தனர். 1739-இல் வசாயை வளைத்துக்கொண்டனர். மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்தார்கள். இரு தரப்பிலும் திரளானோர் மடிந்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் கோட்டை சரணடைந்தது. குடும்பங்களோடும் கையில் எடுக்கக்கூடிய பொருள்களோடும் வெளியேற அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட தவணை எட்டு நாட்கள்.

205 ஆண்டுகள் கட்டியது. எட்டு நாட்களில் காலி செய்தது.

ஆலய மணிகளை வெற்றி பெற்றவர்கள் எடுத்துச் சென்றார்கள். அவற்றுள் ஒன்று இன்று நாசிக்கின் நாரோசங்கர் கோயிலில் தொங்குகிறது. சிமாஜி அப்பாவின் சிலை கோட்டைக்குள் இருக்கிறது. வீரத்தோடு போரிட்டவர் என்று அவரை ஆசிரியர் மதிப்போடு குறிப்பிட்டார். பின்னர் 1802-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி, இதே வசாயில்தான் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் ஆங்கிலேயரின் பாதுகாப்பை ஏற்றுக் கையெழுத்திட்டு, தம் சுயாதீனத்தை இழந்தார். வென்றவர்களுக்கும் இவ்வூர் நிலைக்கவில்லை.

"அப்படியானால் இந்த ஊர் அழிந்துபோயிற்றா?" என்று எங்களில் ஒருவர் கேட்டார்.

"மதிலுக்குள் இருந்தது அழிந்தது. மதிலுக்கு வெளியே இருந்தது நான்தானே!" என்று சொல்லி முதன்முறையாகச் சிரித்தார் அவர்.

எட்டு நாட்களில் கப்பலேறிப் போக அவருடைய முன்னோர்களுக்கு வேறு தேசம் இல்லை. தோட்டம் இருந்தது; கிணறு இருந்தது; அங்கேயே இருந்துவிட்டார்கள். விசுவாசத்தையும் விடவில்லை, பேச்சையும் விடவில்லை. வீட்டில் அவர்கள் பேசுவது சாம்வேதி என்னும் பேச்சுவழக்கு. மராத்தியின் உறவுமொழி அது. ஆலயத்தில் பாடுவது மராத்தி. அவர் வீட்டாரைப் போன்றவர்கள் வாழையும் வெற்றிலையும் பூவும் பயிரிட்டார்கள். அந்தப் பூவையும் காய்கறியையும் தாதர் சந்தையில் நாம் வாங்குகிறோம். வாழைப்பழத்தை உலர்த்திச் செய்யும் 'சுகேளி' இப்பகுதியின் தின்பண்டம். எங்களுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.

பின்பு கோட்டைக்கு அடுத்த கில்லாபந்தர் என்னும் மீனவக் கிராமத்தின் வழியாகக் கடற்கரைக்குச் சென்றோம். மூங்கில் பந்தல்களில் பொம்பில் மீன்கள் வரிசையாகக் காய்ந்தன. பெண்கள் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுல்தானும் போர்த்துகீசியரும் பேஷ்வாவும் ஆங்கிலேயரும் வந்து போன கரையில், மீனவர் வாழ்க்கை தொடர்கிறது.

நீங்கள் போவதாயிருந்தால்

நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள மாதங்களே நல்லவை. மழைக் காலத்தில் புதர் மண்டிப் பாம்புகள் இருக்கும். கோட்டைக்குள் நுழைவுக் கட்டணம் இல்லை. நிழலும் கடைகளும் குறைவு. ஆகவே தண்ணீரும் உணவும் கையிலிருக்கட்டும். கோபுரங்களின் சுழல் படிகள் குறுகலானவை. சிறு பிள்ளைகளைத் தனியே ஏறவிட வேண்டாம். மதிலின் மேல் நடக்கும்போது ஓரத்தைத் தவிருங்கள். பெயர் எழுதிச் சுவரைக் கெடுக்காதிருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முக்கியமாக, அவ்வூரார் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அவர் இல்லாவிட்டால் நீங்கள் காண்பது கற்குவியலே.

திரும்பி வந்த பின்

அன்று இரவு, பனைமரங்களைப் பற்றியே தாயார் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஆராதனை முடிந்து வந்ததும், "வீட்டை வித்துருங்க" என்றார்கள். நாங்கள் திகைத்தோம்.

"ஓடு சரிஞ்ச வீட்டைக் காவல் காக்க என்னால் ஆகாது. அந்த வாத்தியார் வீட்டுக்காரங்க கோட்டையையா காப்பாத்தினாங்க? பேச்சையும் ஜெபத்தையும்தானே காப்பாத்தினாங்க. ஆனா ஒன்று. நான் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாலே, என் பேரன் அவன் தாத்தா கல்லை வாசிக்கணும்."

அன்று மாலையே கடையில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி வந்தேன். தினமும் இரவுச் சாப்பாட்டிற்கு முன் அரை மணி நேரம் பாட்டியும் பேரனும் உட்கார்ந்தார்கள். 'ழ'கரத்தில் ஒரு வாரம் போயிற்று. 'ண'கரத்திற்கும் 'ன'கரத்திற்கும் இடையே பல நாள் சண்டை நடந்தது. என் மனைவி பழைய மாத இதழ்களின் தலைப்புகளை வாசிக்கச் சொல்லுவாள். சில நாட்கள் கோபித்து எழுந்து போவான், பாட்டி காத்திருப்பார்கள்.

மே மாத விடுமுறையில் ஊருக்குப் போனோம். பத்திரப் பதிவுக்கு முந்தின நாள் மாலை கல்லறைத் தோட்டத்தில் புல்லைச் செதுக்கி, கல்லைக் கழுவினோம். என் மகன் மண்டியிட்டு, விரலை எழுத்தின் மேல் வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தான். தாத்தாவின் பெயர், பிறந்த ஊர், மறைந்த நாள். ஓரிடத்தில் தடுமாறினான், பாட்டி சொல்லித் தரவில்லை. அவனே கண்டுபிடித்தான். எல்லாம் வாசிக்க நான்கு நிமிடம் ஆயிருக்கும். மறுநாள் காலையில் தாயார் பதிவு அலுவலகத்தில் கை நடுங்காமல் கையெழுத்திட்டார்கள்.

இப்பொழுதும் யாராவது "நேட்டிவ் எது?" என்று கேட்டால் என் மகன் "நெருள்" என்றுதான் சொல்லுகிறான். அதற்குப் பின், "தாத்தா ஊர் சாத்தான்குளம் பக்கம்" என்றும் சேர்த்துக்கொள்கிறான்.

அன்பான வாசகரே, வசாய்க்குப் போய் வாருங்கள். பிள்ளைகளையும், உங்கள் வீட்டில் முதியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள்.